ஒற்றைச் செல் சுவர்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் வாங்கி வந்தால் எங்கள் வீட்டில் அது இரண்டு மணி நேர வேலை. சுத்தம் ஆகும்வரை அம்மா அதைச் சமையலறைக்குள் விடமாட்டார். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, ஓர் ஈர்க்குச்சியை உள்ளே செலுத்தி, சிறுகுடலை உள்பக்கம் வெளியே வரும்படி முழம் முழமாகத் திருப்புவார். சுடுதண்ணீர், கல்லுப்பு, மஞ்சள். இரைப்பைக்கு மட்டும் சுண்ணாம்பு. விரலிடுக்கில் வைத்து உருவினால் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஒன்று கையோடு வரும். அந்தக் கசடு கடைசிவரை போனால்தான் குழம்பில் வாடை அடிக்காது என்பது அவர் கணக்கு.

பல வருடங்கள் கழித்து, மருத்துவக் கல்லூரி முதலாண்டில், திசுவியல் செய்முறை வகுப்பில் குடலின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு அந்தக் குழாயடிதான் நினைவுக்கு வந்தது. அம்மா வழித்துக் கொட்டியது கசடு அல்ல, அதுதான் குடல். நாங்கள் குழம்பில் மென்று தின்றது அதைத் தாங்கி நின்ற தசையும் நாரும். தின்றதைச் சத்தாக்கி இரத்தத்தில் சேர்க்கிற வேலையைச் செய்தது, வாய்க்காலில் ஓடிப்போன அந்த வழுவழுப்பு.

அந்த வழுவழுப்பின் மேற்பரப்பில் இருப்பது ஒரே ஒரு வரிசைச் செல்கள். ஒரு செல்லின் உயரம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. அதற்கு இந்தப் பக்கம் நாம் விழுங்கிய சோறு, தண்ணீர், கிருமி, மாத்திரை. அந்தப் பக்கம் இரத்தக் குழாய். விழுங்கிவிட்டதாலேயே ஒரு பொருள் உடம்புக்குள் வந்துவிட்டதாக ஆகாது. வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் குழாய்க்குள் கிடக்கும்வரை அது வெளியுலகத்தைச் சேர்ந்ததுதான். அந்த ஒற்றை வரிசையைத் தாண்டிய பிறகே அது நம்முடையது.

அந்த வரிசையைச் சரியாகப் பார்ப்பது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. பார்க்க வந்தவர்களை, மிகப் பெரிய மேதைகளையும் சேர்த்து, அது பலமுறை ஏமாற்றியிருக்கிறது.

முதல் எதிரி நேரம். இரத்த ஓட்டம் நின்ற கொஞ்ச நேரத்திலேயே குடலின் உள்வரிசை உதிரத் தொடங்கும். அதுவரை சோற்றைச் செரித்த நொதிகள் குடலையே செரிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே வெட்டி எடுத்த துண்டை உடனே ஃபார்மலினில் போட வேண்டும். பிறகு ஆல்கஹாலால் அதன் நீரை நீக்கி, சைலீனில் தோய்த்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்ற கருவியில் நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான நீரில் சுருக்கம் நீங்கி மிதக்கும் அந்தச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் கிழியாமல் ஏந்துவது ஆய்வக டெக்னீஷியனின் கைப்பக்குவம், படித்து வருவதல்ல. பிறகு சாயம். மெக்சிகோ பக்கத்து மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹீமடாக்சிலின் செல்லின் உட்கருவை ஊதாவாக்கும். ஈயோசின் மற்றதை ரோஜா நிறமாக்கும். மருத்துவ மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு முழுவதும் இந்த இரண்டு நிறப் பென்சில்களாலேயே நிரம்பியிருப்பது இதனால்தான்.

உணவுக்குழாயிலிருந்து மலக்குடல்வரை எங்கே வெட்டினாலும் சுவரில் நான்கு அடுக்குகள் தெரியும். உள்ளே கோழைப்படலம். அதை ஒட்டிக் கீழ்க்கோழைப்படலம். அடுத்தது தசை. வெளியே மெல்லிய உறை. இவற்றில் கீழ்க்கோழைப்படலத்தை மாணவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். அறுவை மருத்துவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். 1887இல் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் நாய்களின் குடலில் தையல் போட்டுப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டார். ஊசி இந்த அடுக்கைப் பிடித்தால் தையல் நிற்கும்; தசையை மட்டும் பிடித்தால் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கொலாஜன் நார்களைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்த வலை அது. ஆட்டின் குடலிலிருந்து இந்த வலிமையான அடுக்கைப் பிரித்து முறுக்கித்தான் கேட்கட் என்ற தையல் நூலைச் செய்தார்கள். ஆட்டின் குடல் பல தலைமுறை மனிதர்களின் குடலைத் தைத்திருக்கிறது.

உணவுக்குழாய்க்குச் செரிக்கும் வேலை இல்லை. சூடான காபியும் முறுக்கின் முனையும் உரசிக்கொண்டு போகும் வழி அது. அதனால் அங்கே உட்கன்னத்தில் இருப்பதுபோலவே பல வரிசைத் தட்டைச் செல்கள். மேல் வரிசை தேய்ந்து உதிரும், கீழிருந்து புதியவை வரும். இரைப்பையைத் தொட்ட இடத்தில், படிப்படியாக அல்லாமல் வெட்டினாற்போல, பல வரிசை முடிந்து ஒற்றை வரிசை தொடங்குகிறது. எண்டோஸ்கோப்பில் பார்ப்பவர்களுக்கு அது வெளிறிய நிறமும் சிவப்பும் சந்திக்கும் வளைந்து நெளிந்த கோடாகத் தெரியும். வருடக்கணக்காக அமிலம் மேலேறி இந்தக் கோட்டைத் தாண்டினால், உணவுக்குழாயின் தட்டைச் செல்கள் இருந்த இடத்தில் குடலுக்கே உரிய செல்கள் முளைக்கின்றன. பேரட் உணவுக்குழாய் என்று இதற்குப் பெயர். திசு தன் வேலைக்குத் தக்கபடி உருவம் கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாற்றம் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது. ஆகவேதான் நாள்பட்ட நெஞ்செரிச்சலை ஜெலுசிலோடு விட்டுவிடக் கூடாது என்கிறார்கள்.

இரைப்பையின் உள்பரப்பு நெடுகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சுரப்பிகள். அமிலம் சுரக்கும் செல்லை நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது சுலபம்: வட்டமாக, ரோஜா நிறத்தில், நடுவில் உட்கருவோடு, ஆஃப்பாயில் போல இருக்கும். இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் செறிவாக அது ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. வைட்டமின் பி12ஐக் குடல் உறிஞ்சத் தேவையான புரதத்தைச் சுரப்பதும் அதே செல்தான். இத்தனை அமிலத்தையும் தாங்குவது மேற்பரப்புச் செல்கள் சுரக்கும் கோழை. அதனுள் பைகார்பனேட் கலந்திருப்பதால் கோழைக்கு வெளியே கடும் அமிலம், செல்லைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய நடுநிலை.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், இரைப்பைத் தகடொன்றில் அந்தக் கோழைக்கு அடியில் வளைந்த கிருமிகள் ஒட்டியிருப்பதைக் கண்டார். அமிலத்தில் எதுவும் பிழைக்காது என்பது அன்றைய பாடம். வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தன. பேரி மார்ஷலோடு சேர்ந்து 1982இல் அவற்றை வளர்த்தெடுத்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அல்சருக்குக் கவலையும் காரமும் மட்டுமே காரணம் என்ற எண்ணம் அதோடு சரியத் தொடங்கியது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. வாரனுக்கு முன்பு எத்தனையோ பேரின் நுண்ணோக்கிக்குக் கீழேயும் அந்தக் கிருமிகள் வந்துபோயிருக்கும். இருக்காது என்று முடிவுகட்டிய பிறகு பார்க்கிற கண்ணுக்கு இருப்பதும் தெரிவதில்லை.

இனிச் சிறுகுடல். அம்மாவின் கையோடு வந்தது இதன் உள்வரிசைதான்.

சிறுகுடலின் உள்சுவரில் முதலில் குறுக்கு மடிப்புகள். மடிப்புகளின் மேல் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை உயரமுள்ள குடலுறிஞ்சிகள். வெறுங்கண்ணுக்கு வெல்வெட் துணிபோலத் தெரிவது இவை. ஒவ்வொரு உறிஞ்சியின் மேலும் போர்த்தியிருக்கும் ஒவ்வொரு செல்லின் உச்சியிலும், ஒரு மைக்ரான் நீளத்தில், ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகள். இத்தனை மடிப்புகளையும் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடப்புத்தகங்கள் பல காலம் சொல்லி வந்தன; நானும் தேர்வில் அப்படியே எழுதியிருக்கிறேன். 2014இல் சுவீடனைச் சேர்ந்த ஹெலாண்டர், ஃபாண்ட்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உயிருள்ள மனிதர்களிடமிருந்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் அளந்து கணக்கை மறுபடி போட்டார்கள். செரிமானப் பாதை முழுவதற்கும் கிடைத்தது சுமார் 32 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 340 சதுர அடி. ஒரு சின்ன வாடகை வீட்டின் அளவு. அதுவும் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறது என்றால் அது ஒன்றும் குறைந்த அளவு அல்ல.

உறிஞ்சி ஒவ்வொன்றின் நடுவிலும் இரத்த நுண்குழாய்களும் ஒரு நிணநீர்க் குழலும் ஓடுகின்றன. சர்க்கரையும் புரதத்தின் துணுக்குகளும் இரத்தத்துக்குப் போகும். கொழுப்பு நிணநீருக்குப் போகும். நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்ட பிறகு அந்தக் குழலில் ஓடுவது பால்போல வெண்மையாக இருக்கும். 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, தீனி தின்ற நாயின் வயிற்றைத் திறந்தபோது இந்த வெள்ளைக் குழல்களைப் பார்த்துத் திகைத்தார்.

உறிஞ்சிகளின் காலடியில், அவற்றுக்கு நடுவே, கிணறு தோண்டியதுபோலக் குழிகள். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் லீபர்கூன் பெயரால் அவற்றைச் சொல்கிறோம். குடலின் ரகசியம் மேலே ஆடும் உறிஞ்சிகளில் இல்லை, இந்தக் கிணறுகளின் அடியில் இருக்கிறது என்பது புரிய இருநூறு வருடம் ஆனது. 1948இல் கனடாவில் சார்லஸ் லெப்லாண்டும் கேத்தரின் ஸ்டீவன்ஸும் எலியின் குடலில் செல்கள் பிரியும் வேகத்தைக் கணக்கிட்டு, உள்வரிசை முழுவதும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். குழியின் அடியில் பிறக்கும் செல், பின்னால் பிறப்பவை தள்ளத் தள்ள மேலேறுகிறது. ஏறும் வழியிலேயே தன் வேலையைக் கற்றுக்கொள்கிறது: ஒன்று உறிஞ்சும் செல்லாகிறது, ஒன்று கோழை சுரக்கும் கோப்பைச் செல்லாகிறது, ஒன்று ஹார்மோன் சுரக்கிறது. உறிஞ்சியின் நுனியை எட்டியதும் உதிர்ந்து, சாப்பாட்டோடு போய்விடுகிறது. மனிதக் குடலில் இந்தப் பயணம் முடிய மூன்றிலிருந்து ஐந்து நாள். திங்கட்கிழமை நீங்கள் சாப்பிட்ட இட்லியை உறிஞ்சிய செல்களில் பெரும்பாலானவை அடுத்த திங்கட்கிழமை இருக்காது.

செல் உதிரும் இடத்தில் ஓட்டை விழாது என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு. பக்கத்துச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. நடுவிலுள்ளது போகப்போகிறது என்றதும் அவை அதன் அடியில் நெருங்கி வந்து கைகோத்துக்கொண்ட பிறகே அது வெளியே தள்ளப்படுகிறது. நம் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் மாற்றப்படுகின்றன என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் கணக்கிட்டார்கள். பெரும்பங்கு இரத்தச் செல்கள். அடுத்த இடம், சுமார் எட்டில் ஒரு பங்கோடு, குடலின் இந்த உள்வரிசைக்கு. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வாயில் புண்ணும் வயிற்றுப்போக்கும் வருவதன் காரணம் இங்கே இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்லைக் கொல்லும் மருந்துக்கு, புற்றுச் செல் எது குடலின் குழிச் செல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இத்தனையையும் பெற்றெடுக்கும் தாய்ச் செல், குழியின் அடியில் ஒல்லியாக ஒடுங்கியிருக்கும் ஒரு ஸ்டெம் செல். 2007இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் அதன் அடையாளப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடத்தில் அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லைப் பாத்திரத்தில் வளர்த்து, குழியும் உறிஞ்சிப் பகுதியுமாகக் குட்டிக் குடலையே உருவாக்கிக் காட்டினார்கள். அந்த ஸ்டெம் செல்களுக்கு இடையிடையே காவலுக்கு நிற்பவை, ஈயோசினில் பளீரென்று சிவக்கும் பருமணிகள் கொண்ட பானெத் செல்கள். கிருமிகளைக் கொல்லும் புரதங்கள் அந்த மணிகளில் உள்ளன. 1888இல் அவற்றை விரிவாக எழுதிய வியன்னா மருத்துவர் ஜோசஃப் பானெத், இரண்டே வருடத்தில், 33 வயதுகூட நிறையாமல், காசநோயில் இறந்துபோனார்.

இறந்த குடலின் உள்வரிசை உதிரும் என்று முன்னால் சொன்னேன்; அப்படி உதிர்ந்த குடல் பொய் சொல்லும். அந்தப் பொய் எத்தனை பெரியது என்பதைக் காலராவில் பார்க்கலாம்.

காலராவில் மனிதர்கள் கஞ்சித் தண்ணீராகக் கழிந்து ஓரிரு நாளில் இறந்தார்கள். பிரேதத்தைத் திறந்து பார்த்தால் சிறுகுடலின் உள்வரிசை உரிந்து கிடந்தது. காலரா குடலின் தோலை உரித்துவிடுகிறது என்று ஐரோப்பாவில் முடிவு கட்டினார்கள். நோய்க்குறியியலின் தந்தையென்று கொண்டாடப்படும் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரே அந்தக் கருத்துக்குத் துணையாக நின்றது. சிலர் மறுத்தார்கள், ஆனாலும் அந்தக் கருத்து நூறு வருடத்துக்குக் குறையாமல் வாழ்ந்தது. சுவரே இல்லாத குடலில் எதைக் குடித்து என்ன பயன்? ஆகவே வாய்வழியாகத் தண்ணீர் கொடுப்பது வீண் என்றே பலர் எண்ணினார்கள்.

1957இல் வில்லியம் கிராஸ்பி என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் ஒரு சின்னக் கருவியைச் செய்தார். பெரிய மாத்திரை அளவுள்ள உலோகக் கூடு, அதிலொரு துளை, உள்ளே வில்லில் பூட்டிய கத்தி, பின்னால் மெல்லிய குழாய். நோயாளி அதை விழுங்க வேண்டும். சிறுகுடலை அடைந்ததும் குழாய்வழியே காற்றை உறிஞ்சினால் கோழைப்படலத்தின் சிறு துணுக்கு துளைக்குள் இழுபடும். கத்தி அதை வெட்டிக்கொள்ளும். உயிருள்ள மனிதனின் குடல் சிதையாமல் ஃபார்மலினுக்குச் சுலபமாக வந்து சேர்ந்தது. பாங்காக்கில் காலரா பரவியபோது யூஜின் கங்கரோசாவும் அவர் சகாக்களும் இந்தக் கூட்டை நோயாளிகளுக்குக் கொடுத்துத் திசு எடுத்துப் பார்த்தார்கள். 1960இல் முடிவை வெளியிட்டார்கள். உள்வரிசை உரியவில்லை. அப்படியே முழுசாக இருந்தது. பிரேதங்களில் பார்த்த உரிதல், இறந்த பிறகு நடந்தது.

அதற்கு முந்தைய வருடம் கல்கத்தாவில் சம்பு நாத் டே, முயலின் குடலில் சோதனை செய்து, காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சு குடலைத் தண்ணீர் கொட்ட வைக்கிறது என்று காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சுவர் இடியவில்லை, நீரைக் கொட்டும் மடை மட்டும் திறந்துவிட்டது. உறிஞ்சும் மடை இன்னும் வேலை செய்கிறதா? 1960இல் பிராகில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன், சிறுகுடல் செல்லின் நுண்ணுறிஞ்சியில் குளுக்கோசும் சோடியமும் ஒரே வாசல்வழியாகச் சேர்ந்தே உள்ளே போகின்றன என்று விளக்கினார். காலரா நஞ்சு அந்த வாசலைத் தொடுவதில்லை. உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் கலந்து குடிக்கக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், தண்ணீர் பின்னாலேயே போகும். 1968இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இது பலிப்பதைக் காட்டினார்கள்.

1971இல் வங்காள அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து டிரம்களில் நிரப்பி, உறவினர்களையே கிளாஸில் பிடித்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. இன்று மலிவாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது இத்தனை பேரின் உழைப்பு. அதில் ஒரு பங்கு, திசுவைச் சிதையாமல் எடுத்துப் பார்த்த நுண்ணோக்கிக்கு உண்டு.

நுண்ணோக்கியில் இருப்பதைத் தேடுவது ஒரு வேலை. இல்லாததைத் தேடுவது வேறொரு வேலை. குடல் தசையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, உள்ளே வட்டமாகவும் வெளியே நீளவாக்கிலும் ஓடும் தசைநார்களுக்கு இடையில், கொத்துக்கொத்தாக நரம்புச் செல்கள் இருக்கின்றன. கீழ்க்கோழைப்படலத்தில் இன்னொரு கூட்டம். மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் உணவைத் தள்ளவும் கலக்கவும் இவற்றுக்குத் தெரியும். கரு வளரும்போது இவை கழுத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, குடல் நெடுக நடந்து, மலக்குடலின் கடைசிவரை போய்ச் சேர வேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு அவை பாதியில் நின்றுவிடுகின்றன. எட்டாத பகுதி இறுகியே கிடக்கும், தளரத் தெரியாது. பிறந்த குழந்தை முதல் மலத்தைக் கழிக்காது, வயிறு உப்பும். கோபன்ஹேகனின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங் 1886இல் இந்த நோயை விவரித்தார்.

இதை உறுதிசெய்வது இன்றும் திசுச் சோதனைதான். மலக்குடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, சீவல் சீவலாக, பல பத்துச் சீவல்களைப் பொறுமையாகப் பார்த்து, நரம்புச் செல் ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வேண்டும். நரம்புச் செல் இல்லாத பகுதியை நீக்கும் அறுவை நடக்கும்போது குழந்தை மயக்கத்தில் இருக்கும். மருத்துவர் கையில் குடலோடு காத்திருப்பார். பக்கத்து அறையில் உறையவைத்துச் சீவிய துண்டில் நோய்க்குறியியல் மருத்துவர் பெரிய உட்கருவுள்ள அந்தச் செல்லைத் தேடுவார். "இங்கே இருக்கிறது" என்ற சொல் வந்த இடத்தில் வெட்டி, கீழே கொண்டுவந்து இணைப்பார்கள். அந்தக் குழந்தை பின்னால் சாதாரணமாகப் பள்ளிக்கூடம் போகும்.

பெருங்குடலில் உறிஞ்சிகள் இல்லை. நேராக இறங்கும் குழிகளும் அவை நிறையக் கோப்பைச் செல்களும்தான். பெருமளவு நீரை மேலே சிறுகுடல் எடுத்துவிட்டது. மிச்சத்தை எடுத்து, மலத்தைக் காயாமல் வழுக்கவைத்து அனுப்புவது இதன் வேலை. ஆனால் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடமும் இதுதான். அவை ஏன் சுவரைத் தின்றுவிடவில்லை? இங்கே தகடு மறுபடியும் ஏமாற்றியது. ஃபார்மலினும் ஆல்கஹாலும் அடுத்தடுத்துப் பட்டதில் கோழை சுருங்கிக் கரைந்துபோகும். பழைய தகடுகளில் பாக்டீரியா செல்லை ஒட்டியே கிடப்பதுபோலத் தெரியும். சுவீடனில் மாலின் யோஹன்சன், குன்னர் ஹான்சன் குழுவினர், நீரில்லாத கார்னாய் கரைசலில் எலியின் பெருங்குடலைப் பதப்படுத்தி 2008இல் பார்த்தார்கள். கோழை இரண்டு அடுக்காக இருந்தது. வெளியடுக்கு தளர்ந்தது, பாக்டீரியா அதில் குடியிருக்கிறது. உள்ளடுக்கு இறுகியது, அதில் பாக்டீரியா இல்லை. சுவருக்கு முன்னால் ஒரு அகழி. அதை நாம் இத்தனை காலம் கழுவி ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஒன்று. அது நம் ஊரைப் பற்றியது.

என் பாடப்புத்தகத்தில் குடலுறிஞ்சியின் படம் நீண்ட விரல் போலிருந்தது. அதுதான் இயல்பு என்று படித்தேன், வரைந்தேன். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் 1960களில் குடல் திசுக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அப்போது வட ஆற்காடு பக்கத்துக் கிராமங்களில் ஸ்ப்ரூ எனும் நாள்பட்ட பேதி கூட்டம் கூட்டமாகத் தாக்கியது. சத்து ஏறாமல், இரத்தம் வற்றி, ஆட்கள் உருக்குலைந்தார்கள். நோயாளிகளின் உறிஞ்சிகள் தேய்ந்திருந்ததில் வியப்பில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த, ஒரு குறையும் சொல்லாத ஆரோக்கியமான மனிதர்களின் குடலில்தான் வியப்பு இருந்தது. அவர்களிடமும் விரல் அரிதாகவே இருந்தது. இலைபோல அகன்றும், வயல் வரப்புபோல நீண்டு குட்டையாகவும் இருந்தன உறிஞ்சிகள்.

தென்னிந்தியக் குடல் பிறப்பிலேயே அப்படியோ? இல்லை. வேலூரில் நடந்த பிரேதப் பரிசோதனை ஆய்வில், கருவிலேயே இறந்தவற்றிலும் பச்சிளம் சிசுக்களிலும் உறிஞ்சிகள் விரலாகவே இருந்தன. வெளியுலகத்தின் தண்ணீரும் உணவும் உள்ளே வரத் தொடங்கிய பிறகே இலையும் வரப்பும் தோன்றின. அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் பாகிஸ்தானில் தங்கியபோது அவர்களுடைய உறிஞ்சிகளும் இப்படியே மாறின; ஊர் திரும்பிய பிறகு பழைய நிலைக்கு வந்தன. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்கள், பாகிஸ்தானியர்களின் குடலும் வருடங்கள் செல்லச் செல்லத் தேறியது. இந்தக் கடைசி இரண்டு ஆய்வுகளும் 1971இல் வெளிவந்தன. இனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மலம் கலந்த தண்ணீரின் கிருமிகள் விடாமல் உரசும்போது உறிஞ்சிகள் குட்டையாகின்றன, இழப்பை ஈடுகட்டக் குழிகள் ஆழமாகின்றன, நடுவே அழற்சிச் செல்கள் மொய்க்கின்றன, செல்களின் பிணைப்பு தளர்கிறது. பேதிகூட இருக்க வேண்டியதில்லை. பிள்ளை சாப்பிடும், உடம்பில் ஒட்டாது. ஏழை நாடுகளில் குழந்தைகளின் உயரம் குறைவதற்கும், வாய்வழிச் சொட்டு மருந்துகள் எதிர்பார்த்த அளவு பலிக்காமல் போவதற்கும் இது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மூன்று நாளுக்கொரு முறை, ஐந்து நாளுக்கொரு முறை தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் சுவர் அது. நல்ல தண்ணீர் கொடுத்தால் மறுபடி விரலாக நிமிரும். அந்தத் தண்ணீரை ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் கொண்டுவருவதும், கழிவு அதில் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் அரசின் கடமை. கேட்டு வாங்குவது நம் உரிமை. அதுவரை வீட்டில் செய்யக்கூடியது இது. குழந்தைக்குப் பேதியானால் முதல் முறை போனதுமே ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தொடங்குங்கள், தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூடவே இலவசமாகத் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும், 14 நாளும் முழுமையாகக் கொடுங்கள்.